அறுபத்துமூன்று இடங்கள்

1967 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவின் தெற்குக் கரையிலுள்ள ஒரிபெத்சு நகர அலுவலகம், நகர வரலாற்று நூலின் கையெழுத்துப் பிரதியை ஊரின் ஒரே அச்சகத்திடம் ஒப்படைத்தது. கட்டம் போட்ட தாள்கள் 1,142. தீவில் அரசாங்கக் குடியேற்றம் தொடங்கியதன் நூற்றாண்டு விழா அடுத்த செப்டம்பரில் நடக்கவிருந்தது; அதற்கு முன்பாக, ஆகஸ்டுக்குள் நூல் வெளிவர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

எழுத்து எடுக்கும் வேலை இவாநே கினுவிடம் வந்தது. அச்சகத்தில் அந்த வேலைக்கு இரண்டு பேர்தான். ஒருவர் போர்மேன் தோய்ச்சி. அவருக்கு அறுபத்திரண்டு வயது, கண்ணில் புரை. பெரிய எழுத்தில் போகும் கல்யாணப் பத்திரிகை, மீனவர் சங்க அறிவிப்பு இவற்றோடு அவர் நிறுத்திக்கொண்டிருந்தார். மற்றவையெல்லாம் கினுவின் கைதான். இடது கையில் சிறு மரப்பெட்டியையும் கையெழுத்துத் தாளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். சுவர் உயரத்துக்குச் சாய்ந்து நிற்கும் எழுத்து அடுக்குகளுக்கு முன்னால் நடந்தபடியே வலது கையால் ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பெட்டியில் போடுவாள். நிமிடத்துக்கு முப்பது எழுத்து. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை, கை தானாகப் போகும்.

பதினைந்து வயதில் தரை பெருக்க வந்தவள். அச்சான பிறகு ஈய எழுத்துகளைப் பிரித்து அடுக்கில் திரும்பப் போடும் வேலையில் படித்துக்கொண்டாள். பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான். ஜப்பானிய மொழியின் மிச்சமுள்ள நாலாயிரத்துச் சொச்சம் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய வடிவத்திலேயே முதலில் அறிந்தவள். இப்போது முப்பத்தாறு வயது. கணவன் மீன்பிடிப் படகில் போய்த் திரும்பவில்லை; அதன்பின் இவாநே என்ற பிறந்தகத்துக் குடும்பப் பெயருக்கே திரும்பியிருந்தாள். பிள்ளைகள் இல்லை. அவள் ஐனு இனம், குடியேறிகள் வருமுன்பே தீவில் இருந்த பூர்வகுடி, என்பது ஊருக்கே தெரியும். அச்சகத்தில் இருபத்தோரு ஆண்டுகளாக யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நூலை எழுதியவர் ஒனோதெரா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நாலாம் வகுப்பில் கினுவுக்குப் பாடம் எடுத்தவர். கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மற்றப் பிள்ளைகள் அவள் மேல் கல் எறிந்த நாளில் எறிந்தவர்களை வராந்தாவில் முட்டி போட வைத்தவர் அவர். பதினோரு ஆண்டு ஊர் ஊராக மிதிவண்டியில் அலைந்து விவரம் திரட்டி எழுதியிருந்தார். கையெழுத்து தெளிவாக இருந்தது. கினு நாளுக்கு முப்பது தாள் வீதம் முடித்துக்கொண்டு போனாள்.

முப்பத்தோராவது தாளில்தான் அந்தச் சொல் முதலில் வந்தது. தோஜின். மண் என்று ஓர் எழுத்து, ஆள் என்று ஓர் எழுத்து, சேர்த்தால் மண்ணின் ஆள். தாளில் பார்த்தால் சாதுவான சொல். ஆனால் ஊரில் யாரையாவது தோஜின் என்று சொன்னால், காட்டான், குளிக்காதவன், படிப்பு ஏறாதவன் என்று எல்லாம் அதிலேயே அடங்கும். ஒனோதெரா அதை வசையாக எழுதவில்லை. அரசாங்கமே அப்படித்தான் எழுதிற்று. 1899-இல் ஐனு மக்களுக்காகப் போட்ட சட்டத்தின் பெயரிலேயே ‘முன்னாள் தோஜின்’ என்றுதான் இருந்தது, இன்னமும் அமலில் இருந்தது. நகர அலுவலகத்தின் அறிவிப்புகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கினுவே அதைக் கோர்த்திருக்கிறாள். இதையும் கோர்த்தாள். மண் அவளுக்கு இடது கைப் பக்கம், ஆள் நேர் எதிரே, அடிக்கடி வரும் எழுத்துகளின் அடுக்கில்.

நூற்றைம்பதாவது தாளைத் தாண்டியதும் வெளிநாட்டார் பற்றிய அத்தியாயம். கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கிய ரஷ்யர்கள், குதிரைப் பண்ணை வைக்க அரசாங்கம் சம்பளம் கொடுத்து வரவழைத்த ஓர் அமெரிக்கர். ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தில் அவர்களைச் சொன்ன சொல்லையே ஒனோதெரா முதலில் எழுதியிருந்தார். மயிரடர்ந்த பரங்கி என்று அர்த்தம் வரும் சொல். பிறகு சிவப்பு மையால் அதை அடித்து, பக்கத்தில் ‘வெளிநாட்டு அன்பர்’ என்று திருத்தியிருந்தார். பத்தொன்பது இடங்களில் அந்தச் சிவப்புக் கோடு. ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து இழுத்திருந்தார். அடித்ததை விட்டுத் திருத்தியதைக் கோர்ப்பது கினுவின் வேலை. கோர்த்தாள்.

இருநூற்று ஏழாவது தாளில் 1922 செப்டம்பர் வெள்ளம் வந்தது. ஆறு உடைத்துக்கொண்ட இரவில் மேட்டுக் கொட்டகையில் சிக்கிய பதினேழு குடியேறிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. யார், எந்த ஊரிலிருந்து தீவுக்கு வந்தவர், என்ன வயது என்ற விவரத்தோடு. அவர்களைக் காப்பாற்றியதைப் பற்றி ஒரே வாக்கியம்: மூன்று தோஜின்கள் மரத்தைக் குடைந்த படகில் நாலு முறை போய்வந்து அனைவரையும் கரை சேர்த்தனர்.

அந்த மூவரில் ஒருவர் கினுவின் அப்பா.

அவள் பெட்டியை அடுக்கின் விளிம்பில் வைத்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணப்படுப்பு ஓரமாக உட்கார்ந்து மிச்சத் தாள்கள் அத்தனையையும் புரட்டினாள். உருளைக்கிழங்கும் உப்புமீனும் டப்பாவில் ஆறிப்போயின. அந்தச் சொல் நூல் முழுவதிலும் அறுபத்துமூன்று இடங்களில் இருந்தது. ஒன்றின் மேலும் சிவப்புக் கோடு இல்லை.

அடுக்கில் ஓர் எழுத்து இல்லாதபோது அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கைக்குக் கிடைத்த வேறோர் எழுத்தைத் தலைகீழாகச் செருகிவிடுவார்கள். அதன் அடிப்பாகம் புரூஃபில் இரண்டு தடித்த கறுப்புக் கோடுகளாக விழும். மரச்செருப்பின் தடம்போல் இருப்பதால் அதற்கு மரச்செருப்பு என்றே பெயர். எழுத்து வார்த்து வந்ததும் செருப்பை எடுத்துவிட்டு அதை வைப்பார்கள். இறுதி அச்சில் ஒரு மரச்செருப்புகூட இருக்கக்கூடாது, இருந்தால் அச்சகத்துக்கு அவமானம்.

கினு ஏற்கெனவே கோர்த்து முடித்த இடங்களுக்குத் திரும்பிப் போனாள். மண்ணையும் ஆளையும் எடுத்துவிட்டு இரண்டு மரச்செருப்பு வைத்தாள். அதன் பிறகு வந்த இடங்களிலும் அப்படியே.

ஜனவரி மாத இறுதியில் முதல் புரூஃப் எடுத்தபோது தோய்ச்சி பூதக்கண்ணாடியை வைத்து ஒரு பக்கம் பார்த்தார், இன்னொரு பக்கம் பார்த்தார்.

“என்ன கினு, வீட்டுக்குள்ள யாரோ செருப்பைக் கழட்டாம நடந்திருக்காப்ல இருக்கு? மண்ணும் ஆளும் தீர்ந்துபோச்சா? சனிக்கிழமைன்னு கோர்க்கவும் அதே மண்ணுதானே, அடுக்குல கொட்டிக் கிடக்குதே.”

“இருக்கு போர்மேன். எடுக்கல.”

“இத்தனை வருஷமா எடுத்தியே?”

“அதெல்லாம் நோட்டீஸ். பத்து நாள் சுவத்துல இருக்கும், மழை வந்தா கிழிஞ்சு போகும். இது புத்தகம். பள்ளிக்கூடத்துல வைக்கப் போறாங்க.”

தோய்ச்சி பூதக்கண்ணாடியைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார். புரூஃப் ஆசிரியருக்குப் போயிற்று.

நாலாம் நாள் அது திரும்பி வந்தது. ஒவ்வொரு மரச்செருப்பின் பக்கத்திலும் சிவப்பு மையில் அதே இரண்டு எழுத்து, பொறுமையாக எழுதப்பட்டிருந்தது. கடைசித் தாளின் ஓரத்தில், எழுத்து போதவில்லையானால் வார்ப்பதற்கு நகர அலுவலகத்திடம் சொல்லி ஏற்பாடு செய்வதாகக் குறிப்பு. ஒனோதெரா உண்மையிலேயே எழுத்து இல்லை என்று நினைத்துவிட்டார்.

அச்சக முதலாளி ஹசெபே அப்படி நினைக்கவில்லை. அப்பாவின் அச்சகத்தை எடுத்து நடத்துகிறவர், சண்டை என்றாலே ஒதுங்கிப் போகும் மனிதர். கினுவைக் கூப்பிட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, திருத்தங்களைச் செய்துவிடும்படி தணிந்த குரலில் கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். நகர அலுவலகத்தின் வேலை போனால் அச்சகத்தை மூட வேண்டியதுதான் என்றார். தெரியும் என்றாள். தொமகொமாயிலிருந்து வேறு ஆள் வரவழைக்க வேண்டியிருக்கும் என்றார்.

“வரச் சொல்லுங்க முதலாளி. அடுக்கைக் காட்டிக் கொடுத்துட்டே போறேன்.”

ஹசெபே தொமகொமாய்க்கும் சப்போரோவுக்கும் தொலைபேசியில் பேசினார். அந்தக் குளிர்காலத்தில் தீவின் ஒவ்வொரு ஊரும் தன் வரலாற்றை அச்சடித்துக்கொண்டிருந்தது. எழுத்து எடுக்கத் தெரிந்த ஒரு கைகூடச் சும்மா இல்லை. ஏப்ரலுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கினால் ஆகஸ்டுக்கு நூல் வராது. மூன்றாம் நாள் ஹசெபே ஒனோதெராவை அச்சகத்துக்கே வரச்சொன்னார்.

இதற்கிடையில் சேதி ஊரில் பரவிவிட்டது. கினுவின் அண்ணன் மசகிச்சி குதிரைப் பண்ணையில் வேலை முடிந்து நேரே அவள் வீட்டுக்கு வந்தான், காலணியில் பனி ஒட்டியபடி. அவன் மகள் ஃபுமியேவுக்கு ஒபிஹிரோவில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் வீட்டார் குடியேறிகளின் வழிவந்தவர்கள். பெண் எந்த இனம் என்று அவர்கள் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

தன் காரியத்துக்கு நடுவில் இவள் எதற்கு ஊரைக் கூட்டுகிறாள் என்று கேட்டான். அந்த நூலை எவன் படிக்கப்போகிறான் என்றான். கினு இருநூற்று ஏழாவது தாளைச் சொன்னாள். அப்பாவுக்குப் பெயர் இல்லையா, பதினேழு பேருக்கு வயசு முதற்கொண்டு எழுதத் தெரிந்தவருக்கு மூன்று பெயர் கேட்டு எழுதத் தெரியாதா என்றாள்.

“அப்பா பேரையா?” மசகிச்சி எழுந்தே நின்றுவிட்டான். “இவாநேன்னு அச்சுல வந்தா, ஒபிஹிரோக்காரன் ஒருத்தன் கண்ணுல பட்டாப் போதும். எம் பொண்ணு வாழ்க்கைடி அது. அந்தச் சொல்லும் வேண்டாம், வேற சொல்லும் வேண்டாம். நம்மளப் பத்தி ஒண்ணுமே இல்லாம இருக்கட்டும்.”

“அப்போ அந்தப் பதினேழு பேரையும் கரை சேர்த்தது யாரு? ஆத்துத் தண்ணியா?”

“அப்பாவே அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்ல.”

“சொல்ல விட்டாங்களா?”

அவன் காலணியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பிப்ரவரி 6-ஆம் தேதி காலை ஒனோதெரா அச்சகத்துக்கு வந்தார். கணப்படுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். ஹசெபே நின்றார். தோய்ச்சி எழுத்து அடுக்குக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார், வேலை செய்வதுபோல் பாவனைகூடச் செய்யவில்லை. கினு மையேறிய கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

ஒனோதெரா கோபப்படவில்லை. அது அவமதிப்பதற்காக எழுதப்பட்ட சொல் அல்ல என்று விளக்கினார். சட்டத்திலேயே அதுதான் இருக்கிறது, நகரப் பதிவேடுகளில் அதுதான், தாம் எடுத்தாண்ட எல்லா மூலங்களிலும் அதுதான். வரலாறு எழுதுகிறவன் தன் விருப்பத்துக்குச் சொல்லை மாற்றினால் அது வரலாறாகாது என்றார். வகுப்பில் பேசுகிற அதே நிதானத்தில் சொன்னார். ஹசெபே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்.

கினு கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து நூற்றைம்பத்து மூன்றாவது தாளை எடுத்து அவர் மடியில் வைத்தாள். கையெழுத்துப் பிரதியில் அடித்த சொற்கள் அச்சில் போகாது. எழுதியவரையும் எழுத்து எடுப்பவளையும் தவிர அவற்றை யாரும் பார்ப்பதில்லை.

“இதை ஏன் அடிச்சீங்க, வாத்தியாரய்யா?”

ஒனோதெரா தன் சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

“அது நகர்மன்றத் தலைவர் சொன்னது. அந்த அமெரிக்கரோட பேத்தி விழாவுக்கு வராங்க. அவங்க முன்னால அந்த மாதிரிச் சொல் இருக்கிற புத்தகத்தை எப்படிக் குடுக்கறது?”

“பழைய பதிவேட்டுல பரங்கின்னுதானே இருந்தது?”

“இருந்தது.”

“பத்தொம்பது இடம். மாத்திட்டீங்க. வரலாறு ஒண்ணும் கெட்டுப் போகல.” அவள் குரல் உயரவில்லை. “அந்த அம்மாவுக்கு நம்ம எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது. புத்தகத்தைப் புரட்டிப் படம் பார்த்துட்டுப் போயிடுவாங்க. நான் படிக்கிறேன் ஐயா. ஒவ்வொரு எழுத்தா கையில எடுத்துப் படிக்கிறேன். என் முன்னால எப்படிக் குடுத்தீங்க?”

கணப்படுப்பில் கரி சரிந்த சத்தம் கேட்டது. ஹசெபே தேநீர்க் கெண்டியைத் தேடினார்.

ஒனோதெரா அந்தத் தாளைப் பிரதியோடு சேர்த்து வைத்தார். பிறகு, “நீங்க கோர்ப்பீங்கன்னு நான் நினைக்கல,” என்றார். உடனே தலையை ஆட்டி அதை மறுத்தார். “இல்ல, தெரியும். இங்க வேற யாரு இருக்காங்க. யோசிக்கல. அதான் நிஜம்.”

“சரி,” என்றாள் கினு.

“வேற என்ன சொல் போடறது? நீங்களே சொல்லுங்க, இவாநேசான்,” என்று பெயரோடு மரியாதை விகுதி சேர்த்துக் கேட்டார்.

சொல் இல்லாமல் இல்லை. அவள் இனத்தின் பெயரே இருந்தது, ஆனால் பள்ளி வாசலில் கல்லோடு சேர்ந்து வந்ததும் அதுதான். இருபது ஆண்டாக அவள் வாய் அதை வெளியே உச்சரித்ததில்லை.

“ஐனுன்னு போடுங்க.”

அடுக்குக்குப் பின்னாலிருந்து தோய்ச்சி குரல் கொடுத்தார். “அதையும் சொல்லித்தானே கல்லெறிஞ்சானுங்க? நானே எறிஞ்சிருக்கேன் சின்ன வயசுல. உங்க ஆளுங்களே அதைக் கேட்டா முகத்தைத் திருப்பிக்கிறாங்க.”

“அது எங்க சொல்லு போர்மேன். எடுத்து எறிஞ்சது நீங்க. நாங்க திரும்ப எடுத்துக்கறோம்.”

ஒனோதெரா ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்றார். சட்டத்தின் பெயரையும், பழைய ஆவணங்களிலிருந்து அப்படியே எடுத்துக் காட்டிய வரிகளையும் தொட முடியாது. அங்கே அந்தச் சொல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அரசாங்கம் அப்படி எழுதியதே இல்லை என்று பின்னால் வருகிறவர்கள் நினைத்துவிடுவார்கள். கினு யோசித்தாள். அதில் நியாயம் இருந்தது.

“நிக்கட்டும். ஆனா அதை நான் எடுக்கமாட்டேன். வேற கை எடுக்கட்டும்.”

ஒனோதெரா எழுந்து கையெழுத்துப் பிரதியைத் துணியில் கட்டிக்கொண்டார். வாசலில் காலணி மாட்டும்போது வெள்ளத்தில் படகு விட்ட மூன்று பேரின் பெயர் தெரியுமா என்று அவராகவே கேட்டார். கினு சொன்னாள். குறிப்பேட்டை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துப் பிரதி திரும்பி வந்தது. நாற்பத்தோரு இடங்களில் சிவப்புக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்தது. பக்கத்தில் ஐனு. இருபத்திரண்டு இடங்கள் அப்படியே இருந்தன. நகர்மன்றத் தலைவர் ஆட்சேபித்தார் என்றும், ஒனோதெரா தன் பெயரை அட்டையிலிருந்து எடுத்துவிடும்படி சொன்ன பிறகு அடங்கினார் என்றும் ஹசெபே சொன்னார். அது எவ்வளவு நிஜம் என்று தெரியவில்லை.

இருநூற்று ஏழாவது தாளில் ‘மூன்று ஐனுக்கள்’ என்று இருந்தது. அடுத்து அடைப்புக்குறிக்குள் இரண்டு பெயர். மூன்றாவதாகக் கினுவின் அப்பா பெயரை எழுதி அடித்திருந்தார். ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: குடும்பத்தார் நேரில் வந்து கேட்டுக்கொண்டதால் நீக்கம்.

மசகிச்சி போயிருக்கிறான்.

கினு அந்தத் தாளைப் பிடித்தபடி அடுக்கின் முன் நின்றாள். கொடுக்காத எழுத்தைக் கோர்ப்பது இந்தத் தொழிலில் திருட்டுக்குச் சமம். இருபத்தோரு ஆண்டில் ஒரு புள்ளிகூடத் தானாகச் சேர்த்ததில்லை. அண்ணன் மகளைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். இவாநே என்ற இரண்டெழுத்தின் பக்கம் கை போகவில்லை. பதிவேட்டில் அதிகாரி எழுதிக்கொடுத்த யசோகிச்சி என்ற பெயரின் பக்கமும் போகவில்லை. அப்பாவுக்கு அதற்கு முன்னால் ஓர் ஐனுப் பெயர் இருந்தது. அம்மா மட்டும் கூப்பிட்ட பெயர். ஒபிஹிரோவில் அதை அறிந்தவர் எவரும் இல்லை. ஒரிபெத்சுவிலேயே ஏழெட்டுப் பேர்தான்.

அடைப்புக்குறியை மூடும் முன்பு அவள் அந்தப் பெயருக்கான எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தாள். சனுக்தே, தெக்கன்ரோக், கடைசியாக இசோனாஷ்.

இருபத்திரண்டு இடங்களுக்கான மண்ணையும் ஆளையும் தோய்ச்சி ஒரு சனிக்கிழமை பிற்பகலில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து வைத்தார். இரண்டு இடத்தில் ஆளுக்குப் பதில் வேறு எழுத்தை வைத்துவிட்டார். புரூஃபில் சரி செய்தார்கள்.

இரண்டாம் புரூஃப் மே மாதம் ஒனோதெராவுக்குப் போயிற்று. பத்து நாள் வைத்திருந்தார். நூற்றுப் பதினெட்டு திருத்தங்கள் குறித்திருந்தார், ஒரு காற்புள்ளிகூடத் தப்பவில்லை. வெள்ளம் பற்றிய பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை.

நூல் 1968 ஆகஸ்ட் 2-ஆம் தேதி வெளியானது. 612 பக்கங்கள். அந்தச் சொல் அதில் இருபத்திரண்டு இடங்களில் உள்ளது, ஐனு என்ற சொல் நாற்பத்தோரு இடங்களில். 131-ஆம் பக்கத்தில் மூன்று பெயர்கள் உள்ளன. மசகிச்சி மகளின் திருமணம் அக்டோபர் 20-ஆம் தேதி ஒபிஹிரோவில் நடந்தது. கினுவுக்கு அழைப்பு வரவில்லை.